மெல்லிய கம்பிகளைக் கட்டி மூடுபனியிலிருந்து தண்ணீர் எடுக்க முடியுமா?

கேள்வி இதுதான்: மூடுபனி அடிக்கடி வரும் ஒரு மேட்டில், ஒரு சட்டத்தில் மெல்லிய கம்பிகளை நெருக்கமாகக் கட்டி நிறுத்தினால் தண்ணீர் கிடைக்குமா? வலை கட்டுவதைவிட அது மேலா? கம்பி எவ்வளவு மெல்லியதாக இருக்க வேண்டும்? நாலு பேர் இருக்கும் வீட்டுக்கு அது போதுமா?

கிடைக்கும். சில சூழ்நிலைகளில் வலையைவிட நன்றாகவே கிடைக்கும். ஆனால் இதில் பலர் தப்பாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. கம்பி துளியைப் பிடிப்பதில் பெரிய வித்தை எதுவும் இல்லை, சிலந்தி வலையும் அதைச் செய்கிறது. பிடித்த துளியைக் கம்பி சீக்கிரமாகக் கீழே விட வேண்டும். நடந்த ஆராய்ச்சியில் பெரும்பகுதி அந்த விடுகிற வேலையைப் பற்றியதுதான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். குளிர்ந்த தண்ணீர் ஊற்றிய டம்ளருக்கு வெளியே வேர்க்கிறதே, அதுபோலத்தான் இதுவும் என்று நினைக்கிறார்கள். அது வேறு. டம்ளரில் படிவது நீராவி குளிர்ந்து நீரானது. அப்படி ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாக, சுமார் 2,500 கிலோஜூல் வெப்பத்தை யாராவது எடுத்துவிட்டாக வேண்டும். பனித்துளி சேகரிப்பு ஓர் இரவுக்கு, ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு லிட்டரைக்கூடத் தொடாமல் நின்றுவிடுவது அதனால்தான். மூடுபனியில் அந்தச் செலவை இயற்கை ஏற்கெனவே செய்துவிட்டது. காற்றில் மிதப்பது ஆவி அல்ல, தண்ணீரேதான். கம்பி குளிர்ந்திருக்க வேண்டியதில்லை, மின்சாரம் வேண்டியதில்லை. வழியில் நின்றால் போதும்.

ஆனால் அந்தத் துளி மிகச் சின்னது. பெரும்பாலும் 10 மைக்ரான், 20 மைக்ரான் குறுக்களவு. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடியின் தடிமன் 70 மைக்ரான் அளவு இருக்கும் என்று வைத்துக்கொண்டால், 10 மைக்ரான் துளி அதில் ஏழில் ஒரு பங்கு. அசையாத காற்றில் அது விழும் வேகம் நொடிக்கு 3 மில்லிமீட்டர்தான். அதாவது அது விழுவதே இல்லை என்று சொல்லலாம். காற்று போகிற பக்கம் போகும். கீழே பாத்திரத்தை வைத்துக் காத்திருந்தால் ஒன்றும் சேராது. காற்றே கொண்டுவந்து மோத வேண்டும்.

இங்கேதான் கம்பியின் தடிமன் வருகிறது. ஆற்றின் நடுவே ஒரு தூண் நிற்கிறது. தண்ணீர் அதைச் சுற்றிப் போகிறது. மிதந்து வரும் சருகும் தண்ணீரோடு வளைந்து தப்பிவிடும். கனமான கட்டை வந்தால் வளைய முடியாமல் தூணில் மோதும். சருகு மோதுமா, தப்புமா என்பது சருகை மட்டும் பொறுத்ததில்லை. தூண் எவ்வளவு பருமன் என்பதையும் பொறுத்தது. பருமனான தூணுக்கு முன்னால் தண்ணீர் தூரத்திலேயே மெதுவாக வளையத் தொடங்கிவிடும், சருகும் நிதானமாகக் கூடவே திரும்பும். தூணுக்குப் பதில் ஒரு குச்சி நின்றால் அந்த வளைவு சட்டென்று நடக்கும். சருகுக்கு அவகாசம் கிடையாது.

இதைக் கணக்காகவே போட்டுவைத்திருக்கிறார்கள். விமானத்தில் பனிக்கட்டி படிவதைப் புரிந்துகொள்ள 1940களில் அமெரிக்க விஞ்ஞானிகள் லாங்மியூரும் பிளாட்ஜெட்டும் செய்த வேலை இன்றைக்கும் மூடுபனிக்காரர்களுக்கு உதவுகிறது. 10 மைக்ரான் துளி, நொடிக்கு 3 மீட்டர் காற்று என்று எடுத்துக்கொண்டு நான் போட்டுப் பார்த்தேன். ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள கம்பை நோக்கி வரும் துளிகளில் நூற்றுக்குப் பத்துதான் மோதும். ஒரு மில்லிமீட்டர் கம்பி என்றால் பாதிக்குச் சற்று மேல். 0.1 மில்லிமீட்டர் கம்பி என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு. காற்று மெதுவானாலோ துளி சிறுத்தாலோ மூன்றுமே குறையும், ஆனால் தடித்த கம்பிக்குத்தான் அடி பலமாக விழும். மெல்லிய கம்பி வேண்டும் என்பதன் காரணம் இவ்வளவுதான்.

அப்படியானால் மயிரிழைக் கம்பிகளை ஒட்ட ஒட்டக் கட்டிவிட்டால் முடிந்ததா? முடியாது. மிக நெருக்கமாகக் கட்டினால் காற்றுக்கு அது சுவர். சுவரைச் சுற்றிக்கொண்டு காற்று போய்விடும், துளிகளும் கூடவே போய்விடும். மிக இடைவெளி விட்டால் நடுவில் புகுந்து போய்விடும். சட்டத்தின் பரப்பில் ஏறக்குறைய பாதியைக் கம்பி மறைத்து, பாதி திறந்திருப்பது நல்ல இடம். அப்போதும், எதிரே வரும் காற்றில் உள்ள தண்ணீரில் கால்வாசிக்குப் பக்கத்தில்தான் உச்சவரம்பு. நடைமுறையில் பத்தில் ஒரு பங்கு கிடைத்தாலே நல்ல சட்டம்.

சரி, இப்போது விடுகிற விஷயத்துக்கு வருகிறேன்.

உலகமெங்கும் இதற்கு அதிகம் பயன்படுவது ராஷெல் வலை. தோட்டங்களில் கட்டும் நிழல்வலைதான் அது. ஒரு மில்லிமீட்டர் அகலப் பிளாஸ்டிக் நாடாவில் முக்கோண முக்கோணமாகப் பின்னியிருக்கும். மலிவு, எங்கும் கிடைக்கும், கிழிந்தால் தைக்கலாம். அதில் துளி சேர்வதை லென்ஸ் வைத்துப் பார்த்தால் குறை உடனே தெரியும். துளிகள் நாடாவில் படிந்து, ஒன்றோடொன்று சேர்ந்து, கீழே நகரத் தொடங்கும். முதல் முடிச்சு வந்ததும் நின்றுவிடும். அந்த மூலையில் தண்ணீர் தேங்கும். சில கண்களில் சோப்புப்படலம்போல முழுக் கண்ணையும் தண்ணீரே அடைத்துக்கொள்ளும். அடைத்த கண் வழியாகக் காற்று போகாது, அங்கே புதுத் துளி வராது. தொங்கும் பெரிய துளியைப் பலமான காற்று பிய்த்து வலைக்குப் பின்னால் எறியும். அதுவும் தொட்டிக்கு வராது.

2013இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) ஆய்வாளர்கள் வலையை விட்டுவிடாமலே இதைச் சரிசெய்து பார்த்தார்கள். தலைமுடியைப் போல மூன்று மடங்கு தடிமனுள்ள துருப்பிடிக்காத எஃகு இழை, இடைவெளி அதைப்போல இரண்டு மடங்கு, மேலே துளி எளிதில் வழுக்க ஒரு பூச்சு. வழக்கமான வலை நூற்றுக்கு இரண்டு பங்கு பிடித்த மென்மையான மூடுபனியில் இது பத்து வரை பிடித்தது.

இன்னொரு வழி, கிடைக்கம்பிகளையே எடுத்துவிடுவது. அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் ஜோனதன் போரெய்கோ குழுவினர் 2018இல் செய்தது இதுதான். செங்குத்துக் கம்பிகள் மட்டும், யாழ் நரம்புபோல. மூடுபனி யாழ் என்றே அதற்குப் பெயர். கலிபோர்னியா கடலோரத்தின் ரெட்வுட் மரங்கள் தங்கள் ஊசியிலைகளால் மூடுபனியை வடித்து வேருக்கு விடுவதைப் பார்த்து வந்த யோசனை. ஆய்வகத்தில் அது வலையைப் போல மூன்று மடங்கு தண்ணீர் தந்தது. வெளியே வைத்துப் பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது: லேசான மூடுபனியில்தான் வித்தியாசம் அதிகம். வலையில் ஈரம் மட்டும் படிந்து சொட்டாமல் நிற்கும் நேரத்தில் யாழ் சொட்டத் தொடங்கிவிடுகிறது.

ஏன் என்பதை ஒற்றைக் கம்பியில் பார்க்கலாம். முதலில் கம்பி மங்கலாகும், கண்ணாடியில் மூச்சுவிட்டதுபோல. பிறகு மணி மணியாகக் கோக்கும். பக்கத்துப் பக்கத்து மணிகள் தொட்டதும் சட்டென்று ஒன்றாகும். ஒரு மணி மட்டும் மற்றவற்றைவிடப் பெரிதாகி, கம்பியைப் பிடித்திருக்கும் பிடி தாங்காமல் நழுவும். நழுவியது சும்மா போகாது. கீழே இருக்கும் ஒவ்வொரு மணியையும் விழுங்கிக்கொண்டே, விழுங்க விழுங்க வேகம் கூடி, அடிவரை ஒரே ஓட்டம். அது போன பாதை துடைத்ததுபோல் இருக்கும். உடனே மறுபடியும் மங்கல் தொடங்கும். வழியில் ஒரு முடிச்சு, ஒரு குறுக்குக்கம்பி இருந்திருந்தால் அந்த ஓட்டம் அங்கேயே நின்றிருக்கும். கம்பி மெல்லியதாக இருந்தால் துளிக்குப் பிடித்துத் தொங்க இருக்கும் இடமும் குறைவு. ஆகவே சின்ன அளவிலேயே நழுவிவிடும். மெல்லியதாக்குவது பிடிக்கவும் உதவுகிறது, விடவும் உதவுகிறது. இரண்டும் ஒரே திசையில் இழுப்பது இந்த விஷயத்தில் நமக்கு வாய்த்த அதிர்ஷ்டம்.

யாழுக்கும் ஒரு நோய் உண்டு. அதை நானே செய்து பார்த்துத்தான் நம்பினேன். 30 சென்டிமீட்டர் சதுரச் சட்டம் ஒன்று, மேலும் கீழும் நெடுக மரை வெட்டிய கம்பி, திரெட் ராட் என்பார்களே அது. 6 மில்லிமீட்டர் ராடில் மரைக்கு மரை ஒரு மில்லிமீட்டர் இடைவெளி. அளந்து கட்டும் வேலை மிச்சம். நரம்பு தானாகவே பள்ளத்தில் உட்காரும். எஃகுக் கம்பிக்குப் பதிலாக 0.25 மில்லிமீட்டர் தங்கூசி நரம்பு, அதாவது தூண்டிலுக்குப் போடும் நைலான் இழை. முன்னும் பின்னுமாகச் சுற்றிக்கொண்டே போனால் ஒரு முகத்துக்கு 300 இழை, இரண்டு முகத்துக்கு 600. நரம்பு மட்டும் 180 மீட்டர் ஆனது. ஒரு முகம் கால்வாசி மறைக்கிறது, இரண்டும் சேர்ந்து பாதிக்குச் சற்றுக் குறைய. நான் நினைத்த கணக்குக்குப் பொருத்தம்.

முதல் தொல்லை மூடுபனி வரும் முன்பே வந்தது. ஒவ்வொரு இழையையும் நூறு கிராம் விசையில் இழுத்துக் கட்டினால்கூட 600 இழைக்கு 60 கிலோ. மரச்சட்டம் இடுப்பு ஒடிந்ததுபோல் உள்ளே வளைந்தது. கடைசியில் கட்டியவை விறைப்பாக இருந்தன, முதலில் கட்டியவை தொளதொளவென்று ஆகிவிட்டன. சட்டத்தை இரும்புச் சதுரக்குழாயில் மாற்றிச் செய்தேன்.

இரண்டாவது தொல்லைதான் அசல் தொல்லை. மூடுபனி வந்து அரைமணி நேரத்தில் பார்த்தால், இழைகள் ஜோடி ஜோடியாக ஒட்டிக்கொண்டு நின்றன. இரண்டு இழைகளில் வளர்ந்த துளிகள் நடுவில் தொட்டுக்கொண்டதும், தண்ணீரின் பரப்பு இழுவிசை இரண்டையும் இழுத்துச் சேர்த்துவிடுகிறது. ஈரத்தலைமுடி கற்றையாகிறதே, அதே காரணம். ஒட்டிய ஜோடிக்கு நடுவே தண்ணீர் சிக்கிக்கொள்ளும், பக்கத்தில் பெரிய சந்து விழும், அதன் வழியே காற்று சும்மா போகும். மெல்லிய நெடிய இழை என்றால் இது இன்னும் மோசம். வளைக்க விசையே வேண்டாம். போரெய்கோ குழுவும் இதே சிக்கலில் மாட்டியது. பின்னர் அவர்கள் கண்ட வழி, அங்கங்கே மட்டும் ஒரு குறுக்குக்கம்பி. வலையும் அல்ல, முழு யாழும் அல்ல, இரண்டுக்கும் நடுவில் ஒன்று. ஓட்டம் சில இடத்தில் தடைபடும், ஆனால் இழைகள் பிரிந்தே நிற்கும். கூட்டிக் கழித்தால் லாபம். நான் நடுவில் ஒரே ஒரு குறுக்கிழை கோத்தேன். முக்கால்வாசி ஒட்டல் நின்றது.

ஆகவே கம்பி எவ்வளவு மெல்லியது என்ற கேள்விக்கு என் பதில்: கையால் செய்வதென்றால் கால் மில்லிமீட்டர். அதற்குக் கீழே போனால் பிடிப்பு கொஞ்சம் கூடும், ஆனால் அறுந்துபோவதும் ஒட்டிக்கொள்வதும் அதைவிட வேகமாகக் கூடும். இழை நீளம் ஒரு மீட்டரைத் தாண்ட வேண்டாம். துருப்பிடிக்காத எஃகு நல்லது. நைலான் வெயிலில் சில மாதங்களில் நொறுங்கத் தொடங்கும், ஈரத்தில் கொஞ்சம் தளரவும் செய்யும். சோதனைக்கு நைலான், நிரந்தரத்துக்கு எஃகு என்று வைத்துக்கொள்ளலாம்.

இடம் சரியில்லை என்றால் இதெல்லாம் வீண். மூடுபனி என்று நாம் சொல்வதில் ரகங்கள் உண்டு. தெளிந்த இரவில் தரை குளிர்ந்து வயல்மேல் படுத்துக்கிடக்கும் மூடுபனி பார்க்க அடர்த்தியாக இருக்கும். ஆனால் காற்றே இருக்காது. காற்றில்லாத மூடுபனியில் எவ்வளவு நல்ல யாழும் வெறும் வேலிதான். வேண்டியது, கடல்மேல் உண்டான தாழ்ந்த மேகம் காற்றால் தள்ளப்பட்டு மலைமேட்டில் மோதும் இடம். தென்னாப்பிரிக்காவின் டேபிள் மலையில் தாவரவியலாளர் மார்லோத் 1902 டிசம்பர் முதல் 1903 பிப்ரவரி வரை ஒரு எளிய சோதனை செய்தார். இரண்டு மழைமானிகள், ஒன்று வெறுமனே, இன்னொன்றின் வாயில் ஒரு நாணல் கட்டு. வெறும் மானியில் சேர்ந்தது 5 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. நாணல் செருகியதில் 80 அங்குலத்துக்குப் பக்கம். அதற்கும் முன்பே கானரித் தீவுகளின் எல் ஹியர்ரோவில் மக்கள் காரோயே என்ற ஒற்றை மரத்தடியில் சொட்டும் தண்ணீரைத் தொட்டியில் பிடித்துக் குடித்திருக்கிறார்கள். 1610இல் புயலில் அந்த மரம் சாய்ந்தது.

பெரிய அளவில் செய்தவர்கள் சிலியின் வடபகுதிக்காரர்கள். அங்கே காமன்சாகா என்று பெயருள்ள கடல் மூடுபனி பாலைவன ஓரத்து மலைகளில் மோதும். எல் டோஃபோ மலையில் கட்டிய வலைகளிலிருந்து 1992 முதல் கீழே சுங்குங்கோ என்ற மீனவ ஊருக்குக் குழாயில் தண்ணீர் போனது. வலைகள் நூறு, ஒவ்வொன்றும் 48 சதுர மீட்டர். சராசரி, ஒரு சதுர மீட்டருக்கு நாளைக்கு 3 லிட்டர். ஏறக்குறைய பத்து வருடம் ஓடியது. அப்புறம் வலைகள் கிழிந்தன, பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, ஊருக்கு மறுபடி லாரித் தண்ணீர். தொழில்நுட்பம் தோற்றதாக இதைச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காற்றில் 365 நாளும் நிற்கும் எதையும் யாராவது ஏறிப் பார்க்க வேண்டும், அதற்குச் சம்பளம் யார் என்று முதலிலேயே முடிவாகவில்லை. மொராக்கோவில் பூத்மெஸ்கிடா மலையில் தார் சி ஹ்மத் அமைப்பு நடத்தும் வலைகளில், காற்றில் வலை பிய்ந்துபோகாமல் பின்னால் ஒரு தாங்கு கட்டமும் வைத்தார்கள்.

உங்கள் நாலு பேர் கணக்கு. ஒரு கனமீட்டர் மூடுபனியில் இருக்கும் தண்ணீர் 0.2 கிராம் என்று கொள்ளுங்கள். நொடிக்கு 4 மீட்டர் காற்று. ஒரு சதுர மீட்டர் சட்டத்தின் வழியே ஒரு மணி நேரத்தில் கடந்து போவது 2.9 லிட்டர். பத்தில் ஒரு பங்கு பிடித்தால் 0.3 லிட்டர். பத்து மணி நேரம் மூடுபனி நின்றால் 3 லிட்டர். சிலியின் சராசரியும் அதேதான் என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஆளுக்கு 50 லிட்டர் வீதம் நாலு பேருக்கு 200 லிட்டர் என்றால் 67 சதுர மீட்டர் சட்டம் வேண்டும். அது ஒரு வீட்டுக்கூரையில் நிற்காது. குடிக்கவும் சமைக்கவும் மட்டும், ஆளுக்கு 3 லிட்டர் என்றால் 4 சதுர மீட்டர் போதும். ஆனால் மூடுபனி வராத நாட்களுக்குத் தொட்டியில் சேமிப்பு இருக்க வேண்டும். கம்பியை எவ்வளவு சீராக்கினாலும் இந்தக் கணக்கு இரண்டு மூன்று மடங்கு மாறலாம், இருபது மடங்கு மாறாது. விளம்பரங்களில் அப்படிக் கண்டால் நம்பாதீர்கள்.

தண்ணீர் சுத்தமா என்றால், மேகத்துத் தண்ணீர் சுத்தம், கம்பியில் இருக்கும் தூசியும் பறவை எச்சமும் சுத்தமில்லை. சொட்டத் தொடங்கியதும் வரும் முதல் தண்ணீரைத் தனியாகத் திருப்பி விட்டுவிடுங்கள். நகரத்துப் புகை கலந்த இடமென்றால் குடிக்கவே யோசிக்காதீர்கள். மூடுபனித் துளி புகையில் உள்ள அமிலத்தையெல்லாம் கரைத்து வைத்துக்கொள்ளும். செடிக்கு ஊற்றலாம். ஈயம் கலந்த பற்றவைப்பு எங்கும் வேண்டாம்.

காற்றே வராத இடத்துக்கும் ஒரு வழி ஆராய்ச்சியில் இருக்கிறது. 2018இல் அதே எம்.ஐ.டி.யில் கிருபா வரணாசி என்ற பேராசிரியரின் குழுவினர் துளிகளுக்கு மின்னூட்டம் கொடுத்து அவற்றைக் கம்பிவலைக்கு இழுத்தார்கள். மின்நிலையங்களின் குளிர்விப்புக் கோபுரங்களில் இருந்து வெண்புகைபோல வெளியேறும் நீர்த்துளிகளைப் பிடிக்க அது பொருந்தும். உயர் மின்னழுத்தம் வேண்டும் என்பதால் வீட்டில் முயல வேண்டியதில்லை.

நீங்கள் உண்மையிலேயே செய்யப்போகிறீர்கள் என்றால் 67 சதுர மீட்டரில் தொடங்காதீர்கள். ஆய்வாளர்கள் இடத்தைச் சோதிக்க வைக்கும் சட்டம் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர், அடிவிளிம்பு தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில். அதையே செய்யுங்கள். காற்று வரும் திசைக்கு நேர்முகமாக நிறுத்தி, நாலு பக்கமும் கயிறு கட்டுங்கள். புயல்காற்றில் ஒரு சதுர மீட்டரின் மேல் 20 கிலோவோ அதற்கு மேலோ எடை சாய்ந்து தள்ளும். கீழே வைக்கும் பாதிக்குழாய் காற்று போகும் பக்கம் நாலு விரல் அதிகமாக நீட்டிக்கொண்டிருக்கட்டும், துளி நேர்க்கோட்டில் விழாது. சட்டத்தின் இடது பாதியில் கம்பி, வலது பாதியில் நிழல்வலை. குழாயை நடுவில் அடைத்து இரண்டு பக்கத்துக்கும் தனித்தனிக் கேன். ஒரு பருவம் முழுக்க, தினமும் காலையில் இரண்டையும் அளந்து எழுதுங்கள். லேசான மூடுபனி நாட்களில் வலது கேன் காலியாக இருந்து இடது கேனில் மட்டும் தண்ணீர் இருந்தால், உங்கள் மேட்டுக்குக் கம்பிதான் சரி. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு என்றால் நிழல்வலையே போதும். கம்பி கட்டும் பாடு வேண்டாம்.